சலுகையா? உரிமையா? – சேலத்து மண்ணிலிருந்து ஒரு வரலாறு

இது வரலாற்றுக் கட்டுரைதான், ஆனால் ஒரு சொந்தக் கதையிலிருந்து தொடங்குகிறேன். கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

எனக்கு ஊர் ராசிபுரம் பக்கம். பிளஸ் ஒன் படிக்கும்போது எங்கள் வகுப்பு முதல் மாடியில் இருந்தது. கூடப் படித்த நண்பன் ஒருவனுக்குத் தசைச்சிதைவு நோய். ஒன்பதாவது வரை சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தவன், அந்த வருடம் படி ஏற முடியாமல் போய்விட்டான். அதனால் நாங்கள் நான்கு பேர் தினமும் காலையில் அவனை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு மாடிக்குப் போவோம், சாயங்காலம் இறக்கிவிடுவோம். ஆசிரியர்கள் பாராட்டினார்கள். காலை வணக்கக் கூட்டத்தில் கூட எங்கள் பெயரைச் சொல்லிக் கை தட்டினார்கள். எங்களுக்கு ஒரே பெருமை!

ஒருநாள் நாங்கள் நான்கு பேரும் கபடிப் போட்டிக்கு நாமக்கல் போய்விட்டோம். மறுநாள் வந்தபோதுதான் தெரிந்தது, அன்று முழுவதும் அவன் கீழே வேப்பமரத்தடியிலேயே உட்கார்ந்திருக்கிறான். யாரும் திட்டமிட்டு அப்படிச் செய்யவில்லை. தூக்க ஆள் இல்லை, அவ்வளவுதான். அவன் கோபப்படவில்லை. சிரித்துக்கொண்டே, "நீங்க தூக்கறது நல்லாத்தான்டா இருக்கு. ஆனா நீங்க லீவு போட்டா நானும் லீவு போடணுமா?" என்று கேட்டான்.

அந்தக் கேள்விக்கு எங்களிடம் பதில் இல்லை. வகுப்பைக் கீழே மாற்றச் சொல்லிக் கேட்கலாம் என்று கூட அதுவரை எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. அவனைத் தூக்குவது மட்டும்தான் தோன்றியது. ஏன் அப்படி என்று யோசித்துத்தான் இந்தக் கட்டுரைக்காகப் படிக்க ஆரம்பித்தேன்.

தோளில் ஏறிய கவிஞர்

நம் தமிழ் மரபில் உடல் குறை உள்ளவர்களுக்கு இடமே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. இரட்டைப் புலவர்களைப் பள்ளிப் பாடத்தில் படித்திருப்போம். இளஞ்சூரியர், முதுசூரியர் என்று இருவர். ஒருவருக்குக் கண் தெரியாது, இன்னொருவருக்குக் கால் நடக்காது. கால் நடக்காதவர் கண் தெரியாதவரின் தோளில் ஏறிக்கொண்டு வழி சொல்வார், இவர் நடப்பார். பாட்டிலும் அப்படியே. ஒருவர் முதல் பாதியைப் பாட, மற்றவர் மீதிப் பாதியை முடிப்பார். தில்லைக் கலம்பகமும் ஏகாம்பரநாதர் உலாவும் இவர்கள் பாடியவை.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்த விஷயம், இங்கே ஒருவர் கொடுப்பவர், மற்றவர் வாங்குபவர் என்று இல்லை. தூக்குகிறவருக்கும் தூக்கப்படுகிறவரின் கண் தேவை. இரண்டு பேரும் சமம்! நாங்கள் நண்பனைத் தூக்கியபோது அப்படி இருந்ததா என்று கேட்டால், இல்லை.

பின்னால் 19-ம் நூற்றாண்டில் பழநியில் மாம்பழக் கவிச்சிங்க நாவலர் இருந்தார். சிறு வயதில் அம்மை நோயால் கண் பார்வை போனது. கேட்டே தமிழ் கற்று, கவி பாடிப் பெரும் பெயர் பெற்றார்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். வரலாறு பெயர் சொல்லி நினைவில் வைத்திருப்பவர்கள் எல்லோருமே அசாத்தியத் திறமைசாலிகள். பாட்டுப் பாடத் தெரியாத, சாதாரணமான, கண் தெரியாத ஒருவர் அதே பழநியில் எப்படி வாழ்ந்தார்? அவரைப் பற்றி யாரும் எழுதி வைக்கவில்லை. கோயில் வாசலில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு வரலாறு கிடையாது.

எண்ணிப் பார்த்தவர்கள்

சாதாரண ஆட்களை முதலில் ஏட்டில் ஏற்றியது மக்கள்தொகைக் கணக்கெடுப்புதான். ஆங்கிலேயர் காலத்தில் 1872 முதல் 1931 வரை நடந்த கணக்கெடுப்புகளில் பார்வையற்றவர், காது கேளாத வாய் பேசாதவர், மனநோயாளி, தொழுநோயாளி என்று நான்கு வகையினரைக் கணக்கெடுத்தார்கள். பிறகு 1941 முதல் அந்தக் கேள்வியை எடுத்துவிட்டார்கள். சுதந்திர இந்தியாவின் முதல் மூன்று கணக்கெடுப்புகளிலும் அது இல்லை. ஐ.நா. சபை 1981-ஐ சர்வதேச ஊனமுற்றோர் ஆண்டாக அறிவித்ததால் அந்த வருடம் மட்டும் திரும்ப வந்தது. 1991-ல் மறுபடியும் காணாமல் போனது! மாற்றுத்திறனாளி அமைப்புகள் போராடிய பிறகு 2001-ல் மீண்டும் சேர்க்கப்பட்டது.

2001 கணக்குப்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் சுமார் 2.19 கோடி பேர். 2011-ல் சுமார் 2.68 கோடி. ஆனால் தமிழ்நாட்டில் மட்டும் பாருங்கள், 2001-ல் சுமார் 16.42 லட்சம், 2011-ல் சுமார் 11.79 லட்சம். பத்து வருடத்தில் நான்கரை லட்சம் பேர் குறைந்துவிட்டார்கள். எல்லோருக்கும் குணமாகிவிட்டதா என்ன? இல்லை, கேட்ட கேள்வி மாறியது. உதாரணமாக, ஒரு கண்ணில் மட்டும் பார்வை உள்ளவர் 2001-ல் கணக்கில் வந்தார், 2011-ல் வரவில்லை. யாரை எண்ணுகிறோம் என்பதே ஒரு தீர்மானம்தான். எண்ணாத ஆளுக்கு யார் நிதி ஒதுக்குவார்கள்?

பாளையங்கோட்டையும் வேலூரும்

19-ம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டில் பாளையங்கோட்டையில் பார்வையற்றோருக்கும் காது கேளாதோருக்கும் பள்ளிகள் தொடங்கப்பட்டன. ஆஸ்க்வித் அம்மையார், ஃபிளாரன்ஸ் ஸ்வைன்சன் அம்மையார் என்ற இரண்டு மிஷனரிப் பெண்கள் தொடங்கியவை. அந்தப் பிள்ளைகளாலும் படிக்க முடியும் என்று தென் தமிழ்நாட்டுக்குக் காட்டியவை அந்தப் பள்ளிகள்தான். அது பெரிய விஷயம். ஆனால் அவை தனிப் பள்ளிகள். மற்ற பிள்ளைகளோடு ஒரே பெஞ்சில் உட்காரும் காலம் இன்னும் தூரத்தில் இருந்தது.

அடுத்து வேலூர். மேரி வர்கீஸ் என்ற இளம் டாக்டர் சி.எம்.சி. மருத்துவமனையில் பணியாற்றி வந்தார். 1954-ல் நடந்த கார் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. வேறு யாராக இருந்தாலும் வீட்டில் முடங்கியிருப்பார்கள். அவரோ சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் மடங்கிப்போன கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார்! பிறகு மறுவாழ்வு மருத்துவம் படித்து வந்து வேலூரில் அதற்கென்றே ஒரு துறையையும் மறுவாழ்வு மையத்தையும் உருவாக்கினார்.

அவர் மனஉறுதியைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். அதில் தவறில்லை. ஆனால் அவருடைய மருத்துவமனையும் ஒன்று செய்தது. உட்கார்ந்துகொண்டே செய்யக்கூடிய அறுவை சிகிச்சை எது என்று யோசித்து அவருக்கு வழி செய்து கொடுத்தது. மனிதர் தன்னை மாற்றிக்கொண்டார், இடமும் தன்னை மாற்றிக்கொண்டது. இரண்டாவது பாதியை நாம் மறந்துவிடுகிறோம்.

படியில் தவழ்ந்தவர்கள்

இப்போது கொஞ்சம் வெளிநாடு போய்விட்டு வருவோம். எங்கள் பள்ளி மாடிப்படிக்கும் அமெரிக்கப் பாராளுமன்றப் படிக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது.

1990 மார்ச் 12. அமெரிக்காவில் மாற்றுத்திறனாளிகளுக்கான உரிமைச் சட்டம் இழுத்துக்கொண்டே போனது. வாஷிங்டனில் பாராளுமன்றக் கட்டடத்தின் முன் கூடியவர்களில் பலர் தங்கள் சக்கர நாற்காலிகளையும் ஊன்றுகோல்களையும் கீழே விட்டுவிட்டு, அந்த நீளமான படிகளில் தவழ்ந்தே ஏறினார்கள். எட்டு வயதுச் சிறுமி ஒருத்தியும் ஏறினாள். யாரும் அவர்களைத் தூக்க வேண்டும் என்று அவர்கள் கேட்கவில்லை. சட்டம் செய்யும் இடத்துக்குள் போகவே எங்களுக்கு வழி இல்லை என்று காட்டினார்கள். அதே வருடம் ஜூலை 26-ல் சட்டம் கையெழுத்தானது.

இந்தியாவில் 1995 டிசம்பரில் மாற்றுத்திறனாளிகள் டெல்லித் தெருவில் இறங்கினார்கள். அந்த மாதமே பாராளுமன்றம் சட்டத்தை நிறைவேற்றியது. 1996 பிப்ரவரியில் அமலுக்கு வந்த அந்தச் சட்டம்தான் சம வாய்ப்பு, உரிமைப் பாதுகாப்பு, முழுப் பங்கேற்பு என்ற வார்த்தைகளை முதலில் சட்டப் புத்தகத்தில் ஏற்றியது. 7 வகைக் குறைபாடுகளை அங்கீகரித்தது. அரசு வேலையில் 3 சதவீத ஒதுக்கீடு தந்தது.

அதில் ஒரு சிக்கல். கட்டடம், பேருந்து, சாலை என்று வரும் இடத்தில், அரசின் பொருளாதார வசதிக்கு உட்பட்டு என்று ஒரு வரி இருந்தது. அதாவது, காசு இருந்தால் செய்யலாம். அந்த ஒரு வரியிலேயே உரிமை மறுபடியும் சலுகை ஆகிவிட்டது!

சேலத்தின் எட்டு மாதங்கள்

இனி நம் ஊருக்கு வருவோம். 2016 செப்டம்பர் முதல் 2017 ஏப்ரல் வரை நடந்த மூன்று விஷயங்களை வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் விஷயம் எல்லோருக்கும் தெரியும். சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியைச் சேர்ந்தவர் மாரியப்பன் தங்கவேலு. ஐந்து வயதில் பள்ளிக்கு நடந்து போகும்போது பேருந்து மோதி வலது கால் நசுங்கியது. அம்மா சரோஜா செங்கல் சுமந்தும் காய்கறி விற்றும் பிள்ளைகளை வளர்த்தார். பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர் உயரம் தாண்டச் சொல்லி ஊக்கம் கொடுத்தார். 2016 செப்டம்பரில் ரியோ பாராலிம்பிக்ஸில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். பாராலிம்பிக்ஸ் உயரம் தாண்டுதலில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் தங்கம் அது. பிறகு 2021-ல் நடந்த டோக்கியோ போட்டியில் வெள்ளி, 2024 பாரிஸில் வெண்கலம். மூன்று பாராலிம்பிக்ஸில் மூன்று பதக்கம்! நினைத்தாலே புல்லரிக்கிறது.

இரண்டாவது விஷயம், 2016 டிசம்பர் கடைசியில் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 2007-ல் ஏற்றுக்கொண்டதன் தொடர்ச்சி இது. 7 வகை 21 வகை ஆனது. வேலையில் 3 சதவீதம் 4 ஆனது. உயர்கல்வியில் 5 சதவீத இடம். அந்த 21 வகைகளில் தசைச்சிதைவு நோய்க்குப் பெயர் சொல்லி இடம் கொடுத்தார்கள். 1995 சட்டத்தில் கை கால் இயக்கக் குறைபாடு என்ற பொதுவான தலைப்புக்குள்தான் அது அடங்கியிருந்தது, தனிப் பெயர் இல்லை.

மூன்றாவது விஷயம் பலருக்குத் தெரிந்திருக்காது. சேலத்தில் வானவன் மாதேவி, இயல் இசை வல்லபி என்று இரண்டு சகோதரிகள். இருவருக்கும் தசைச்சிதைவு நோய். இந்த நோயில் தசைகள் கொஞ்சம் கொஞ்சமாக வலு இழக்கும். முதலில் ஓட முடியாது, பிறகு படி ஏற முடியாது, பிறகு கையைத் தூக்க முடியாது. முழுமையாகக் குணமாக்கும் மருந்து இல்லை. இந்த இருவரும் சேர்ந்து 2009-ல் ஆதவ் அறக்கட்டளையைத் தொடங்கினார்கள். தங்களைப் போன்ற நோயாளிகளுக்கு இயன்முறை சிகிச்சையும் பராமரிப்பும் கிடைக்க ஓர் இடம் வேண்டும் என்பதுதான் நோக்கம். சக்கர நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே பணம் திரட்டினார்கள், கூட்டங்களில் பேசினார்கள். இவர்களைப் பற்றிக் கீதா இளங்கோவன் எடுத்த ஆவணப்படத்தின் பெயர் 'நம்பிக்கை மனுஷிகள்'.

வானவன் மாதேவி 2017 ஜனவரியில் காலமானார். அவருடைய நோயைப் பெயர் சொல்லி ஏற்றுக்கொண்ட சட்டம் அப்போது வெளியாகியிருந்தது, ஆனால் அமலுக்கு வரவில்லை. அது அமலுக்கு வந்தது 2017 ஏப்ரல் 19-ல்.

இந்தத் தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தபோது எனக்கு மனசு கனத்துப்போனது. ஒரே மாவட்டம், ஒரே எட்டு மாதம். மாரியப்பனை உலகமே கொண்டாடியது, கொண்டாட வேண்டியதுதான். ஆனால் மாரியப்பன் 1.89 மீட்டர் தாண்டினார் என்பதால் மட்டும் நம் ஊரில் மற்றவர்களுக்கு ஒரு படிக்கட்டு கூடக் குறையவில்லை. மாதேவியும் வல்லபியும் கேட்டது பதக்கம் இல்லை. தினமும் எழுந்து வாழ ஒரு வழி, அவ்வளவுதான். தங்கம் வாங்கினால்தான் சமமா? தங்கம் வாங்காதவனும் சமம் என்பதுதானே சட்டம்!

பெயர் மாறினால் போதுமா?

எங்கள் தாத்தா காலத்தில் நொண்டி, குருடு, செவிடு என்று கூசாமல் கூப்பிட்டார்கள். அரசு ஏடுகளில் ஊனமுற்றோர் என்று இருந்தது. 2010-ல் முதல்வர் கருணாநிதி காலத்தில் மாற்றுத்திறனாளிகள் என்ற சொல் வந்தது, தனித் துறையும் அமைந்தது. நல்ல மாற்றம். வார்த்தை மாறினால் பார்வையும் கொஞ்சம் மாறும். இன்று என் தம்பிக்கு நொண்டி என்று சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

ஆனால் மரியாதையான பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டு, உள்ளே வர வழி வைக்காவிட்டால் என்ன பயன்? படி என்று நான் சொல்வது கல் படியை மட்டும் இல்லை. பார்வையில்லாதவருக்குப் பேருந்தில் அடுத்த நிறுத்தத்தின் பெயரை அறிவிக்காதது ஒரு படி. காது கேளாதவர் போகும் மருத்துவமனையில் சைகை மொழி தெரிந்த ஒருவர் இல்லாதது ஒரு படி. கற்றல் குறைபாடு உள்ள பிள்ளையை "மக்கு" என்று கடைசி பெஞ்சில் தள்ளுவதும் ஒரு படி.

2016 சட்டம் இதற்கெல்லாம் கெடு வைத்தது. விதிகள் 2017 ஜூனில் வந்தன. அதிலிருந்து 5 வருடத்துக்குள் பழைய பொதுக் கட்டடங்களையும் எல்லோரும் பயன்படுத்தும்படி மாற்ற வேண்டும். அதாவது 2022 ஜூன். அந்தக் கெடு வந்தது, போனது. 2024 நவம்பர் 8-ல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பில், அணுகல் வசதிக்கான தரங்கள் வெறும் பரிந்துரையாக இருக்கக் கூடாது, கட்டாயமாக இருக்க வேண்டும் என்று சொல்லி, அவற்றைப் பரிந்துரை போல ஆக்கியிருந்த விதியைச் செல்லாது என்றது. 1995 சட்டத்தில் காசு இருந்தால் செய்யலாம் என்று இருந்த வரியை நினைத்துப் பாருங்கள். அங்கிருந்து இங்கே வர கிட்டத்தட்ட 30 வருடம்!

2025 ஏப்ரலில் தமிழக அரசு இன்னொரு அடி எடுத்து வைத்தது. ஒவ்வொரு கிராம ஊராட்சியிலும், ஊராட்சி ஒன்றியத்திலும், நகர மன்றத்திலும் மாற்றுத்திறனாளிகளை உறுப்பினராக நியமிக்கச் சட்டத் திருத்தம் வந்தது. நம் சேலம், நாமக்கல் மாவட்டத்து ஊராட்சிகளிலும் இது பொருந்தும். ஊராட்சி அலுவலகத்துக்குச் சாய்தளம் வேண்டும் என்று சொல்ல, சாய்தளம் தேவைப்படுகிறவரே உள்ளே இருப்பார். இது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

இதிலும் ஒரு குறை சொல்ல வேண்டும். இது நியமனம், தேர்தல் இல்லை. நகர்ப்புற மன்றங்களில் நியமன உறுப்பினருக்கு வாக்கு கிடையாது என்று அரசியலமைப்புச் சட்டமே சொல்கிறது. பேசலாம், ஆனால் தீர்மானிக்க முடியாது. அதனால் இது முதல் படி என்றுதான் சொல்வேன். நம் வார்டில் ஒரு மாற்றுத்திறனாளி வேட்பாளராக நின்று, நம்மிடம் ஓட்டுக் கேட்டு, ஜெயித்துப் போகும் நாள்தான் முழுமையான நாள்.

கடைசியாக...

என் நண்பன் பிளஸ் டூ-வில் எங்கள் நான்கு பேரையும் விட அதிக மார்க். ஆனால் அவன் விரும்பிய பாடம் ஒரு கல்லூரியில் இரண்டாவது மாடியில் இருந்தது, அங்கே லிஃப்ட் இல்லை. "பார்க்கலாம்" என்றார்கள். அவன் தொலைதூரக் கல்வியில் சேர்ந்துவிட்டான். நாங்கள் நான்கு பேரும் ஆளுக்கொரு ஊரில் படிக்கிறோம். தூக்க யாரும் பக்கத்தில் இல்லை.

அவன் கேட்ட கேள்விக்கு இப்போது எனக்குப் பதில் தெரியும். எங்கள் கருணை எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அது ஒருநாள் கபடி விளையாடப் போய்விடும். சாய்தளம் எங்கேயும் போகாது. அது ஞாயிற்றுக்கிழமையும் அங்கேயே இருக்கும், யாரிடமும் நன்றி கேட்காது.

போன மாதம் எங்கள் பழைய பள்ளிக்குப் போயிருந்தேன். பிளஸ் ஒன் வகுப்பு இன்னும் மாடியில்தான் இருக்கிறது. தலைமை ஆசிரியரைப் பார்த்து, நடக்கச் சிரமப்படும் மாணவர் யாராவது சேர்ந்தால் அந்த வகுப்பைத் தரைத்தளத்துக்கு மாற்றுங்கள் சார் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். படித்துப் பார்த்துவிட்டு, "இதுக்குக் காசு எதுவும் ஆகாதேப்பா, முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்றார்.

உண்மைதான். முன்னாடியே சொல்லியிருக்கலாம். நாங்கள் தூக்குவதில் மும்முரமாக இருந்துவிட்டோம். உங்கள் பள்ளியிலும் கல்லூரியிலும் ஒருமுறை சுற்றிப் பாருங்கள் நண்பர்களே. அங்கே யார் கீழேயே உட்கார்ந்திருக்கிறார்கள்?